வீட்டுக்குள் எலி: பிள்ளையார் வாகனமா, கெட்ட சகுனமா?

கேள்வியின் சுருக்கம் இது. தரைத்தள வீடு, பின்னால் சின்னத் தோட்டம். மழை தொடங்கியதிலிருந்து இரவில் சமையலறையில் எலி நடமாட்டம். மாமியார் "பிள்ளையார் வாகனம், கொல்லாதே" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் "எலி புகுந்த வீட்டில் கடன் சேரும்" என்று பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். எலி வருவதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா, கொல்லாமல் சமாளிக்க முடியுமா?

அர்த்தம் உண்டு என்றே சொல்வேன். எங்கோ ஓர் ஓட்டை திறந்திருக்கிறது, எங்கோ சோறு கிடைக்கிறது என்பதுதான் அந்த அர்த்தம். கடன் வருமா என்பதை எலியிடம் கேட்பதைவிட வங்கிக் கணக்கிடம் கேட்கலாம். ஆனால் மாமியார் சொல்வதை அப்படித் தள்ளிவிட மாட்டேன். அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. எலியைப் பற்றி நம் ஆட்கள் சொல்லி வைத்தவற்றில் பாதி வெறும் பயம். மீதி, கண்ணால் பார்த்துச் சொன்னது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், வந்தது யார்? எலி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நான்கு பேராவது இருக்கிறார்கள். நால்வரும் வருகிற வழி வேறு, தின்பது வேறு, செய்கிற சேதம் வேறு.

சுண்டெலி சின்னது. அலமாரி, புத்தக அடுக்கு, அரிசி டப்பாவின் பின்பக்கம் என்று வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். புழுக்கை அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாது. வீட்டெலி இதைவிடப் பெரியது, வால் உடம்பைவிட நீளம். ஏறுவதில் கில்லாடி. கேபிள் ஒயர், தென்னை மட்டை, மொட்டை மாடியைத் தொடும் முருங்கைக் கிளை, தண்ணீர்க் குழாய் எதில் வேண்டுமானாலும் ஏறி மேலிருந்து வரும். பரணில் இரவெல்லாம் ஓடுகிற சத்தம் கேட்டால் பெரும்பாலும் இதுதான். பெருச்சாளி கீழிருந்து வருவது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, தோட்டத்து மண் அதன் ராஜ்ஜியம். வளர்ந்தது ஒரு கிலோ வரை இருக்கும், பூனையே யோசிக்கும். சுவரோரம் ஒரு கூடை மண் புதிதாகக் குவிந்து கிடந்தால், வாசல் படிக்கட்டு ஒரு பக்கம் இறங்கினால் பெருச்சாளியைச் சந்தேகப்படுங்கள்.

நான்காவது ஆள் மூஞ்சூறு. இது எலி இனமே இல்லை. எலிக்கு முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. அதனால்தான் தின்ன முடியாத ஒயரையும் மரத்தையும்கூடக் கடிக்கிறது. மூஞ்சூறுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது பூச்சி தின்னி. கரப்பான், வண்டு, மண்புழு, சில சமயம் தேள்கூட. மூக்கு கூர்மையாக நீண்டிருக்கும், கண் மிளகளவுகூட இருக்காது. வெளிச்சம் போட்டால் எலி சட்டென்று மறையும். மூஞ்சூறு பாட்டுக்குச் சுவரை ஒட்டியே, கீச் கீச் என்று சத்தம் போட்டபடி, ஏதோ காசு எண்ணுகிற மாதிரி ஓடும். போன பிறகு ஒரு வாடை நிற்கும், அதை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். பூனை அடித்தாலும் தின்னாமல் போட்டுவிட்டுப் போவது அந்த வாடையால்தான். குட்டி போட்ட தாய் இடம் மாறும்போது பார்க்க வேண்டும்: தாயின் பின்பக்கத்தை முதல் குட்டி வாயால் கவ்வ, அதன் பின்பக்கத்தை அடுத்த குட்டி கவ்வ, ரயில் பெட்டி போல வரிசையாகப் போகும். ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும்.

உங்கள் வீட்டில் வாடை இருக்கிறது, துணி கடிபடவில்லை, அரிசி மூட்டை பத்திரமாக இருக்கிறது, கரப்பான் குறைந்திருக்கிறது என்றால் வந்திருப்பது மூஞ்சூறு. "மூஞ்சூறை அடிக்காதே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பக்தி மட்டும் இல்லை, நல்ல கணக்கும் இருக்கிறது. கையால் தொடாதீர்கள், சமையல் மேடைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவு போதும்.

பிள்ளையார் விஷயத்துக்கு வருவோம். வாகனம் எலியா, பெருச்சாளியா, மூஞ்சூறா என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள். கோயிலில் பிள்ளையாருக்கு எதிரே கல்லில் இருப்பதைப் பார்த்தால் சிற்பியும் முடிவு செய்யவில்லை என்றே தோன்றும். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் கயமுகாசுரன் கதை வருகிறது. எந்த ஆயுதத்தாலும் சாகாத வரம் பெற்ற அசுரன். விநாயகர் தன் கொம்பையே முறித்து எறிய, அவன் பெருச்சாளி உருவெடுத்து மோத வருகிறான். அவனை அடக்கி அப்படியே வாகனமாக ஏறிக்கொள்கிறார். வடமொழிப் புராணங்களில் வேறு கதை: கிரௌஞ்சன் என்ற கந்தர்வன் வாமதேவ முனிவரின் காலைத் தெரியாமல் மிதித்துவிட, எலியாகப் போகும்படி சாபம், எலியானவன் ஆசிரமத்தில் அட்டகாசம் செய்ய, பிள்ளையார் பாசம் வீசிப் பிடிக்கிறார்.

இரண்டு கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். எலி அங்கே புனிதமான பிராணியாக வரவில்லை. தொல்லை கொடுப்பதாகத்தான் வருகிறது. அதைக் கட்டுக்குள் கொண்டுவந்ததுதான் கதை. உழவர் தானியத்தைத் தின்னும் பிராணிக்கு மேல் ஒரு தெய்வத்தை உட்கார வைத்தது அறுவடையைக் காக்க என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. எந்தச் சந்திலும் புகுந்து வழி கண்டுபிடிக்கிற பிராணி விக்கினம் தீர்ப்பவருக்குப் பொருத்தம் என்பது இன்னொரு விளக்கம். கண்ட இடத்தில் கொறிக்கிற ஆசையை அடக்கி உட்கார்ந்திருக்கிறார் என்பது பிரசங்கிகள் சொல்வது. எதை எடுத்துக்கொண்டாலும், எலியைச் சமையலறையில் மேயவிடு என்று எந்த விளக்கமும் சொல்லவில்லை. மாமியாரிடம் இதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: பிள்ளையாரே அதை அடக்கித்தான் வைத்திருக்கிறார்.

எலியை நிஜமாகவே உயர்த்திச் சொல்கிற கதை ஒன்று நம்மிடம் உண்டு, அது வேதாரண்யத்துக் கதை. திருமறைக்காடு என்ற பழைய பெயர் கொண்ட அந்த ஊர்க் கோயிலில் அணையப்போகிற விளக்கில் நெய் குடிக்க ஓர் எலி வருகிறது. திரியில் மூக்குச் சுட்டு உதற, திரி தூண்டப்பட்டு விளக்கு பிரகாசமாக எரிகிறது. எலிக்குத் தெரியாமலேயே செய்த அந்தத் தொண்டுக்காக, சிவன் அடுத்த பிறவியில் அதை மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறக்க வைத்தார் என்பது தலபுராணம். அப்பர் இதைத் திருக்குறுக்கைப் பதிகத்தில் பாடியிருக்கிறார்: "கறைநிறத்து எலிதன் மூக்குச் சுட்டிடக் கனன்று தூண்ட" என்று. நிறத்தைச் சொல்கிறார், மூக்குச் சுட்டதைச் சொல்கிறார். நெய்க்கும் எண்ணெய்க்கும் எலி விளக்குக்கு வருவதைப் பார்த்துப் பழகிய ஊரில் பிறந்த கதை இது. கருணை இருக்கிறது, ஆனால் எலி வந்தது நெய் திருட என்பதை யாரும் மறைக்கவில்லை.

சங்கப் பாட்டு இதைவிடக் கறாரானது. புறநானூற்றில் சோழன் நல்லுருத்திரன் பாடிய 190ஆம் பாட்டு எலியில்தான் தொடங்குகிறது. "விளைபதச் சீறிடம் நோக்கி, வளைகதிர் வல்சி கொண்டு, அளை மல்க வைக்கும் எலி." விளையும் பதம் பார்த்து, வளைந்த கதிரைக் கடித்து எடுத்துப்போய் வளை நிறையச் சேர்த்து வைக்கும் எலி. அந்த எலி போல் முயன்று சேர்த்ததை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் மனிதரின் நட்பே எனக்கு வேண்டாம் என்கிறார். புலி போன்றவரின் நட்பு வேண்டுமாம்.

அரசனுக்கு எலி பிடிக்கவில்லை என்பது இருக்கட்டும். அவர் எலியை எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வயலெலி அப்படியேதான் செய்கிறது. கதிர் பால் பிடித்து முற்றும் பருவத்தில்தான் வெட்டும். வெட்டியதை எல்லாம் அப்போதே தின்னாது, வரப்புக்குள் அறை அறையாகத் தோண்டிய வளையில் கொண்டுபோய் அடுக்கும். அறுவடை முடிந்த வயலில் இருளர்கள் எலி பிடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் வரப்பைச் சுற்றி நடந்து எல்லா வாயையும் கண்டுபிடிப்பார்கள். ஒன்றைத் தவிர மற்றதை மண் வைத்து அடைப்பார்கள். அடியில் துளையிட்ட மண்பானையில் காய்ந்த இலையும் வைக்கோலும் போட்டுக் கொளுத்தி, பானை வாயை வளையில் பொருத்தி, அடித்துளை வழியாக வாயால் ஊதுவார்கள். உதடு வெந்து, கண்ணெல்லாம் புகை. அப்புறம் தோண்டுவார்கள். மயங்கிய எலி ஒரு பக்கம். அதைத் தாண்டி இன்னும் தோண்டினால் ஓர் அறை நிறைய நெல், கதிரோடு, சுத்தமாக. அந்த நெல்லும் பிடித்தவர்களுக்குத்தான். "அளை மல்க" என்பது கவிஞர் கற்பனை இல்லை என்று அப்போது தெரியும்.

டெல்டா பக்கம் இதே வேலையைத் தஞ்சாவூர்க் கிட்டி செய்யும். மூங்கிலை வளைத்து வில் மாதிரிக் கட்டி, கயிறும் இரையும் வைத்து மாலையில் வயலில் நட்டுவிட்டு, மறுநாள் காலையில் எடுப்பார்கள். மருந்தில்லை, மின்சாரமில்லை. வயல் நடுவே பனை மட்டையையோ குச்சியையோ நட்டு ஆந்தை உட்கார இடம் கொடுப்பதும் உண்டு. ஆந்தைக்கும் எலிக்கும் உள்ள உறவும் பழைய விஷயம்தான். நற்றிணை 83இல் தோழி கூகையிடம் பேரம் பேசுகிறாள்: நெய்ச்சோறும் சுட்ட எலியும் நிறையத் தருகிறோம், தலைவன் வருகிற நேரத்தில் குழறி ஊரை எழுப்பிவிடாதே.

சரி, சகுனம். "எலி வந்தால் கடன்", "கனவில் எலி வந்தால் எதிரி", "வெள்ளை எலி வந்தால் லட்சுமி" என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இவற்றை நான் ஒரு கேள்வியால் அளப்பேன்: இதைச் சொன்னவர் எதையாவது பார்த்துச் சொன்னாரா? கடனுக்கும் எலிக்கும் நடுவே யாரும் எதையும் பார்க்கவில்லை. அதை விட்டுவிடலாம். ஆனால் பார்த்துச் சொன்ன சகுனங்கள் உண்டு. அவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளியவர்கள்தான் பிறகு கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

"எலி உள்ள வீட்டுக்குப் பாம்பு வரும்" என்பது அப்படி ஒன்று. "ஒலித்தக்கால் என்னாம் உவரி எலிப்பகை, நாகம் உயிர்ப்பக் கெடும்" என்ற குறளில் வள்ளுவர் கடல்போல் இரையும் எலிக்கூட்டத்தையும், மூச்சுவிட்டே அதை அழிக்கும் நாகத்தையும் படைக்கு உவமையாகத்தான் சொல்கிறார். ஆனால் எலிக்கு எதிரி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. சாரையும் நல்ல பாம்பும் எலி வாசம் பிடித்துத்தான் வீட்டுப் பக்கம் வருகின்றன. தோட்டத்தில் எலி வளையைக் கண்டும் காணாமல் விட்டால், அதே வளையில் அடுத்து யார் குடிவருவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, "எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்." குமாவுன், கர்வால் மலைக் கிராமங்களில் பிளேக் காலத்தில் இப்படித்தான் செய்தார்கள். கூரையிலிருந்து எலி செத்து விழத் தொடங்கியதும் ஊரே குடிசையை விட்டு வெளியேறிவிடும். ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோதும் எலிகள் முதலில் செத்தன, பிறகு மனிதர்கள். 1898இல் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் விடையைக் கண்டுபிடித்தார். எலி செத்து உடல் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகள் அடுத்த சூடான உடம்பைத் தேடிப் போகின்றன. அவைதான் கிருமியைக் கொண்டுபோகின்றன. மலைக் கிராமத்தார் செய்தது முழுக்கச் சரி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரை பிளேக் உலுக்கியபோது மக்கள் எழுப்பிய பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அந்த ஊரில் இருக்கின்றன. நோயின் பெயரையே அம்மனுக்கு வைத்து வணங்கினார்கள்.

மூன்றாவது மிசோரத்துக் கதை. அங்கே காடு முழுக்கப் பரவியுள்ள ஒருவகை மூங்கில் சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே சமயத்தில் பூக்கும். அதன் விதையைத் தின்று எலி பெருகும்; விதை தீர்ந்ததும் அத்தனையும் நெல்லுக்கு இறங்கும். மிசோக்கள் இதை மௌதம் என்பார்கள். 1958இல் மூங்கில் பூக்கும் காலம் நெருங்குவதைக் கண்டு, பஞ்சம் வரப்போகிறது, உதவி வேண்டும் என்று மிசோ மாவட்டக் கவுன்சில் கேட்டது. அப்போது மிசோரம் அசாமின் ஒரு பகுதி. பூவுக்கும் பஞ்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அரசு அசட்டையாக இருந்துவிட்டது. 1959இல் பஞ்சம் வந்தே விட்டது. நிவாரண வேலைக்காக லால்டெங்கா தலைமையில் உருவான அமைப்பு 1961இல் மிசோ தேசிய முன்னணியாக மாறி, 1966இல் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. அமைதி ஒப்பந்தம் வர 1986 ஆயிற்று. எலியைப் பற்றிய ஒரு கிராமத்து எச்சரிக்கையைக் கேட்காததற்கு இருபது வருடச் சண்டை. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை நமக்குத் தெரியும். இங்கே எலி மலையையே கெல்லிவிட்டது.

எலியோடு சேர்ந்து வாழ்கிற இடம் என்று எல்லோரும் ராஜஸ்தானைச் சொல்வார்கள். பிகானேருக்குப் பக்கத்தில் தேஷ்னோக்கில் உள்ள கர்ணி மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான எலிகள் சுதந்திரமாக ஓடும். கர்ணி மாதாவின் வழியில் வந்த சாரண் குலத்தார் செத்தால் எலியாகப் பிறந்து, எலி செத்தால் மறுபடி அந்தக் குலத்திலேயே பிறப்பார்கள் என்று நம்பிக்கை. பெரிய தட்டுகளில் பால் வைப்பார்கள்; வெள்ளை எலி கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். தெரியாமல் மிதித்துக் கொன்றால் வெள்ளியில் எலி செய்து வைக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு "அங்கே ஒன்றும் ஆகவில்லையே, நம் வீட்டில் இருந்தால் என்ன" என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே எலிக்கு ஒரு கோயிலைக் கொடுத்திருக்கிறார்கள், மேலே பருந்து வராமல் வலை கட்டியிருக்கிறார்கள், உணவு வேளைக்கு வேளை வருகிறது. உங்கள் எலிக்கு நீங்கள் கொடுத்திருப்பது கேஸ் டியூபும் மிக்ஸி ஒயரும்.

இனி வீட்டு வேலை. கொல்லாமல் முடியுமா என்று கேட்டீர்கள். பெரும்பகுதி முடியும், ஏனென்றால் பெரும்பகுதி வேலை அடைப்பதுதான். எலியின் சினைக்காலம் சுமார் மூன்று வாரம். ஓர் ஈற்றில் அஞ்சாறு குட்டி சாதாரணம். வழியைத் திறந்து வைத்துக்கொண்டு பிடித்துக்கொண்டே இருந்தால் உங்களுக்கு ஓய்வே கிடையாது.

சுண்டெலிக்குப் பென்சில் நுழைகிற ஓட்டை போதும். குட்டி வீட்டெலிக்குக் கட்டைவிரல் நுழைந்தால் போதும். இரவு விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒருவர் டார்ச் அடிக்க, உள்ளிருந்து வெளிச்சம் தெரியும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறியுங்கள். வாசல் கதவின் அடிச்சந்து, சிங்க் குழாய் சுவருக்குள் போகிற இடம், ஏசி குழாய்த் துளை, வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியே போகும் குழாய், குளியலறை ஜல்லி மூடி: முக்கால்வாசி வழி இதற்குள் வந்துவிடும். எலி எப்போதும் சுவரை ஒட்டியே ஓடும், மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே போகும். அதனால் அடிக்கடி போகிற இடத்தில் சுவரில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்குக் கோடு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் வாசல் கிடைக்கும்.

துணியை அடைப்பதும் தெர்மோகோல் அடைப்பதும் வீண். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை இறுக்கித் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். பழைய கொத்தனார்கள் சிமெண்டில் உடைந்த கண்ணாடிச் சில்லைக் கலந்து அடைப்பார்கள். பெருச்சாளி வளைக்கு இன்றும் அதுதான் சரி. கதவடிக்குத் தகரப் பட்டை, ஜன்னலுக்கு நெருக்கமான இரும்பு வலை. மாடியைத் தொடும் கிளையை ஒரு மீட்டர் தள்ளி வெட்டுங்கள். தென்னைமரம் இருந்தால் நடுமரத்தில் வழவழப்பான தகரத்தைச் சுற்றுங்கள், ஏறுகிறது வழுக்கிவிடும்.

அடுத்தது சோறு. நம் பாட்டிமார் உறி கட்டினார்கள், மூடியுள்ள குதிரில் நெல் வைத்தார்கள். நாம் இருபத்தைந்து கிலோ அரிசியைச் சாக்கோடு தரையில் வைக்கிறோம். எவர்சில்வர் டிரம்முக்கு மாற்றுங்கள். நாய்க்கு வைத்த சோற்றை இரவில் எடுத்துவிடுங்கள். குப்பைப் பையை வெளியே தொங்கவிடாதீர்கள். சுவாமி அறையில் இரவெல்லாம் எண்ணெய் விளக்கும் நைவேத்தியமும் இருந்தால், வேதாரண்யத்து எலியின் உறவினர் வரத்தான் செய்வார்.

கேஸ் டியூபை இன்றைக்கே பாருங்கள். எலிக்கு அந்த ரப்பர் மீது ஏனோ ஒரு பிரியம். உள்ளே கம்பி வலை பின்னிய ஐ.எஸ்.ஐ. முத்திரை டியூபாக இல்லாவிட்டால் மாற்றுங்கள். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பொறி வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு சூட்சுமம். வீட்டில் பெரியவர்கள் "எலி மருந்துன்னு சத்தமா சொல்லாதே, அதுக்குக் காது கேட்கும்" என்பார்கள். காது கேட்பதெல்லாம் இல்லை. ஆனால் எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம்; நேற்று இல்லாத ஒன்று இன்று இருந்தால் சில நாள் சுற்றிப் போகும். அதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். எனவே பொறியை வைத்து, தேங்காய்ச் சில்லோ கருவாடோ மசால் வடையோ போட்டு, விசையை ஏற்றாமல் நாலைந்து நாள் விடுங்கள். தின்று பழகட்டும். பிறகு ஏற்றுங்கள். சுவரோரமாக, வாய் சுவரைப் பார்க்க வைக்க வேண்டும். நடுக்கூடத்தில் வைத்த பொறியை எலி மதிக்காது. சுண்டெலிக்கு இத்தனை பயமில்லை, முதல் நாளே எட்டிப் பார்க்கும்.

கூண்டில் பிடித்து அடுத்த தெருவில் விடுவதைப் பலர் ஜீவகாருண்யம் என்று நினைக்கிறார்கள். அது எலியை இடம் மாற்றுவதில்லை, பாவத்தைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றுகிறது. கொல்வதானால் ஒரே அடியில் முடிகிற விசைப்பொறி மேல். பசை அட்டை மட்டும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட எலி ஒரு நாள் முழுக்கத் துடித்துச் சாவதைக் குழந்தைகள் பார்க்கும்படி ஆகும். அதில் மூஞ்சூறும் பல்லியும்தான் அதிகம் மாட்டும். கூண்டில் மூஞ்சூறு விழுந்தால் உடனே திறந்து விடுங்கள், அதற்குப் பட்டினி தாங்காது.

மருந்து விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததற்குக் காரணம் எலிகள் இல்லை, அதைத் தின்று கல்லீரல் அழிந்து செத்த மனிதர்கள். பழைய ட்யூப் பரணில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பொடியாகத் தூவுகிற மருந்தும், காற்றில் வாயு விடுகிற மருந்தும் மனிதர் தூங்கும் வீட்டுக்குள் வரவே கூடாது. யார் வந்து வைத்தாலும் என்ன மருந்து என்று பெயரைக் கேளுங்கள். கட்டிகளாக வரும் ரத்தம் உறையவிடாத மருந்து மெதுவாக, சில நாள் கழித்துக் கொல்லும். அந்த எலி சுவருக்குள்ளோ பரணுக்குள்ளோ போய்ச் சாகும், வாடை இரண்டு வாரம் நிற்கும், மயங்கித் திரிகையில் அதைத் தின்ற பூனையும் ஆந்தையும் சாகும். உங்களுக்காக எலி பிடித்தவரையே கொன்றுவிடுகிற ஏற்பாடு. நாப்தலின் உருண்டை, காரின் பானெட்டுக்குள் புகையிலை, பிளக்கில் செருகுகிற சத்தக் கருவி இவையெல்லாம் எலிக்குக் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

கடைசியாக, மழைக்காலம் என்று சொன்னீர்களே, அதனால் இது. எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி இருக்கக்கூடும். மழைநீர் தேங்கிய தோட்டத்தில் வெறுங்காலோடு, காலில் சின்னச் சிராய்ப்போடு நடந்தால் உள்ளே போய்விடும். இதுதான் எலிக்காய்ச்சல். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டு, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். தோட்ட வேலைக்குச் செருப்போ பூட்ஸோ கட்டாயம். ஒன்றிரண்டு வாரத்தில் வீட்டில் யாருக்காவது திடீர்க் காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் சதை தொட முடியாமல் வலித்து, கண் சிவந்தால், கஷாயத்தோடு நிறுத்தாதீர்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகும். விட்டால் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். மழைக்காலத்தில் டெங்கு, டைபாய்டு என்று மருத்துவர் நினைக்க ஆயிரம் காரணம் இருக்கும். "வீட்டில் எலி இருக்கிறது, தோட்டத்துத் தண்ணீரில் நின்றேன்" என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.